சிம்மைக் கழற்றி வேறு போனில் போட முடியுமா?

செல்போன் நெட்வொர்க்குகளுக்கு இருந்த இரண்டு போட்டித் தரங்களில் ஜிஎஸ்எம் நல்லதா சிடிஎம்ஏ நல்லதா என்று ஒரு காலத்தில் இணையத்தில் பக்கம் பக்கமாகச் சண்டை நடக்கும். அலைக்கற்றையை எது சிக்கனமாகப் பயன்படுத்துகிறது, எதில் குரல் தெளிவு, எதை ஒட்டுக்கேட்பது கடினம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். எனக்கும் அதையெல்லாம் படிப்பதில் ஒரு ருசி உண்டு. ஆனால் கடைக்குப் போய் போன் வாங்கிய மனிதர்கள் யாரும் இந்தக் கணக்கைப் பார்த்து வாங்கவில்லை. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்குமா, எனக்குப் பிடித்த போன் இதில் ஓடுமா, நாளைக்குப் பிடிக்காமல் போனால் சுலபமாக மாற முடியுமா, இவ்வளவுதான் கேட்டார்கள். இதில் மூன்றாவது கேள்விதான் ஜிஎஸ்எம்மை ஜெயிக்க வைத்தது என்பது என் கட்சி. தொழில்நுட்பத்தை மட்டும் எடை போட்டால் தோற்றது ஜிஎஸ்எம்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உலகத்தில் எத்தனையோ பேருக்கு எந்தத் தரம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் 1980களில் நாட்டுக்கு ஒரு அனலாக் முறை இருந்தது, வட ஐரோப்பிய நாடுகளில் என்எம்டி, பிரிட்டனில் டாக்ஸ், ஜெர்மனியில் சி-நெட்ஸ். எல்லையைத் தாண்டினால் காரில் பொருத்தியிருக்கும் போன் வெறும் பெட்டி. இதற்கு முடிவு கட்டத்தான் 1982-ல் ஒரு குழு போட்டார்கள், குரூப் ஸ்பெஷியல் மொபைல் என்ற அந்தப் பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம்தான் ஜிஎஸ்எம். 1987 செப்டம்பரில் கோபன்ஹேகனில் 13 நாடுகளைச் சேர்ந்தவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், அதே வருடம் 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியை இதற்காக ஒதுக்கச் சொல்லி ஐரோப்பிய உத்தரவும் வந்தது. 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி, ரேடியோலின்யா நெட்வொர்க்கில் தம்பெரே நகரத் துணை மேயரை அழைத்துப் பேசினார். முதல் ஜிஎஸ்எம் அழைப்பு அது என்று எல்லா வரலாற்றிலும் இருக்கும். இதில் பின்லாந்து வாடிக்கையாளர் எங்கே எதை விரும்பித் தேர்ந்தெடுத்தார்? அவருக்கு முன்னால் வைக்கப்பட்டது ஒன்றே ஒன்று.

தென் கொரியாவிலும் இதே கதைதான், எதிர்ப்பக்கத்திலிருந்து. அங்கே அரசாங்கமே சிடிஎம்ஏவை தேசியத் தரமாக எடுத்துக்கொண்டு, சிடிஎம்ஏவைக் கொண்டுவந்த அமெரிக்கக் கம்பெனியான குவால்காமோடு சேர்ந்து உள்நாட்டிலேயே கருவிகளைச் செய்யவைத்து, 1996 தொடக்கத்தில் சேவையைக் கொண்டுவந்துவிட்டது. கொரியர்கள் சிடிஎம்ஏ பிரியர்கள் என்று இதை வைத்து யாராவது சொன்னால் சிரிக்கத்தான் வேண்டும்.

ஆக, மக்கள் எதை விரும்பினார்கள் என்ற பேச்சுக்கு அர்த்தம் வருவது இரண்டும் ஒரே கடைவீதியில் விற்ற நாடுகளில்தான். அமெரிக்கா முக்கியமானது, அங்கே அரசு எந்தத் தரத்தையும் கட்டாயமாக்காமல் கம்பெனிகளிடமே விட்டுவிட்டது. அப்புறம் ஆஸ்திரேலியா, பிரேசில், இந்தியா. சீனாவும் உண்டு, அங்கே சைனா யூனிகாம் என்ற ஒரே கம்பெனி 2002-லிருந்து இரண்டு நெட்வொர்க்கையும் சேர்த்தே நடத்திப் பார்த்து, 2008-ல் சிடிஎம்ஏவை சைனா டெலிகாமுக்கு விற்றுவிட்டுக் கையைக் கழுவியது.

இப்போது அந்த இரண்டும் எப்படி வேலை செய்தன என்று கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் பயன்படுத்தியவர்களுக்குக் காதில் கேட்ட, கையில் தெரிந்த சில வித்தியாசங்கள் இதிலிருந்துதான் வருகின்றன. ஜிஎஸ்எம்மில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு தடத்தை எட்டு பேர் முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு போனுக்கும் ஒரு நொடியில் சுமார் 217 தடவை முறை வரும், வந்ததும் சட்டென்று அலையை வீசிவிட்டு அடங்கிவிடும். போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் அழைப்பு வருவதற்கு முன்னாலேயே "டிடிட் டிடிட்" என்று ஒரு கரகரப்பு வருமே, அது இந்த 217தான். சிடிஎம்ஏ போன் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியாது.

சிடிஎம்ஏவில் முறையெல்லாம் கிடையாது. 1.25 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பேசுவார்கள், ஒவ்வொருவர் பேச்சும் தனித்தனிக் குறியீட்டால் விரித்துக் கலக்கப்பட்டிருக்கும், கோபுரம் குறியீட்டை வைத்துப் பிரித்தெடுக்கும். இது நடக்க வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் போன் கத்தி, தூரத்திலிருக்கும் போனை அமுக்கிவிடக் கூடாது. அதனால் நொடிக்கு 800 தடவை "கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை" என்று கோபுரம் ஒவ்வொரு போனின் சக்தியையும் திருகிக்கொண்டே இருக்கும். 1985-ல் தொடங்கிய குவால்காமின் உண்மையான சாதனை இந்தத் திருகல்தான், முடியாது என்று பலர் சொன்னதை வியாபாரத்துக்கே கொண்டுவந்தார்கள். (ஹெடி லமார் என்ற நடிகைதான் சிடிஎம்ஏவைக் கண்டுபிடித்தார் என்று அடிக்கடி பகிரப்படும் கதையை நம்பிவிடாதீர்கள். அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்டைலும் 1942-ல் வாங்கிய காப்புரிமை, நீரடிக் குண்டைக் கட்டுப்படுத்த அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும் முறைக்கு. உறவுக்கார யோசனைதான், ஆனால் இதுவே அது இல்லை.)

இன்னொரு நல்ல விஷயம், நகர்ந்துகொண்டே பேசும்போது சிடிஎம்ஏ போன் ஒரு கோபுரத்தை விடுவதற்கு முன்னாலேயே அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மூன்று கோபுரங்களோடு ஒரே சமயத்தில் தொடர்பிலிருக்கும். ஜிஎஸ்எம் போன் ஒன்றை விட்டுத்தான் அடுத்ததைப் பிடிக்கும். வண்டியில் போகும்போது அழைப்பு அறுந்துபோவது சிடிஎம்ஏவில் குறைவு என்று அதன் ரசிகர்கள் சொன்னது வெறும் பெருமையடிப்பு அல்ல. குரல் விஷயத்தில்தான் அவர்கள் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம். பேச்சைச் சுருக்கி அனுப்பும் குரல் குறியாக்கத்தில் சிடிஎம்ஏ ஆரம்பத்தில் ஒதுக்கியது நொடிக்கு 8 கிலோபிட், ஜிஎஸ்எம் 13. பின்னணி இரைச்சல் குறைவாக இருந்தாலும் பேசுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது என்று குறை வந்து, சிடிஎம்ஏ ஆட்களும் 13-க்குப் போய், பிறகு 8-லேயே மேம்பட்ட ஒரு முறைக்குத் திரும்பினார்கள்.

தொழில்நுட்பத் தரம் நேரடியாக வாடிக்கையாளர் விருப்பமாக மாறிய ஒரு இடம் என்றால் ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளைச் சொல்வேன். ஜிஎஸ்எம்மின் நேரப் பங்கீட்டில் ஒரு சிக்கல் உண்டு, தூரத்திலிருக்கும் போனின் அலை வந்துசேரத் தாமதமாகும், அந்தத் தாமதத்தை ஈடுகட்டும் ஏற்பாடு சுமார் 35 கிலோமீட்டர் வரைதான் நீளும். அதற்கு மேல் சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் அந்தப் போனின் பேச்சு அடுத்தவர் முறைக்குள் போய் விழும். இதை நீட்டிக்க வழி இருக்கிறது, ஒருவருக்கு இரண்டு முறையைக் கொடுக்க வேண்டும், கொள்ளளவு பாதியாகிவிடும். பரந்த மேய்ச்சல் நிலங்களில், பக்கத்து வீடே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இடங்களில், இது சரிப்படாது. அதனால் அனலாக் சேவையை மூடும்போது டெல்ஸ்ட்ரா என்ற அந்நாட்டுக் கம்பெனி 1999-ல் சிடிஎம்ஏ நெட்வொர்க்கைக் கொண்டுவந்தது, நகரத்தார் ஜிஎஸ்எம்மில் இருக்க விவசாயிகள் சிடிஎம்ஏவைப் பிடித்துக்கொண்டார்கள். 2006-ல் 850 மெகாஹெர்ட்ஸில் 3ஜி கட்டி, சிடிஎம்ஏவை 2008 ஜனவரியில் மூடலாம் என்று கம்பெனி திட்டமிட்டபோது, பழைய அளவுக்கு எட்டுகிறதா என்று உறுதியாகத் தெரியாமல் மூடக் கூடாது என அரசாங்கமே தலையிட்டு ஏப்ரல் வரை தள்ளிவைத்தது. ஒரு நெட்வொர்க் தரத்துக்காக மந்திரி மட்டத்தில் இழுபறி நடந்தது என்றால், அதற்குப் பின்னால் இருந்தது நெட்வொர்க் கிடைக்கிறதா இல்லையா என்ற ஒரே கவலை.

அமெரிக்காவிலும் சிடிஎம்ஏவை வைத்திருந்த வெரைசனுக்கு இருந்த நல்ல பெயர் கவரேஜுக்காகத்தான். அதில் சிடிஎம்ஏவின் பங்கு கொஞ்சம், கோபுரங்களின் எண்ணிக்கையும் கையிலிருந்த தாழ்ந்த அலைவரிசைகளும் மிச்சம். ஆனால் வாடிக்கையாளர் இதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்தியாவில் 2002 கடைசியில் ரிலையன்ஸ் சிடிஎம்ஏ சேவையை ஆரம்பித்தபோதும் மக்களை இழுத்தது போனும் இணைப்பும் ஒரே பொட்டலமாக, முதலில் கொஞ்சம் கட்டினால் போதும் என்று கிடைத்ததுதான். உள்ளே குறியீட்டுப் பங்கீடு ஓடுகிறதா நேரப் பங்கீடு ஓடுகிறதா என்று யார் கேட்டார்கள்.

சரி, சிம் விஷயத்துக்கு வருகிறேன்.

ஜிஎஸ்எம்மை வடிவமைத்தவர்கள் செய்த எத்தனையோ முடிவுகளில் வாடிக்கையாளர் பக்கம் சாய்ந்தது என்று நான் நினைக்கும் ஒரு முடிவு, சந்தாதாரரின் அடையாளத்தைப் போனிலிருந்து பிரித்து ஒரு அட்டையில் வைத்தது. நான் யார், என் எண் எது, என் ரகசியச் சாவி எது, எல்லாம் அட்டையில். போன் வெறும் கருவி. அது கெட்டுப்போனால், போரடித்தால், தண்ணீரில் விழுந்தால், அட்டையைக் கழற்றி இன்னொன்றில் போட்டுவிட்டுப் பேச ஆரம்பிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கம்பெனிக்குத் தெரியக்கூட வேண்டாம்.

அமெரிக்க பாணி சிடிஎம்ஏவில் இது தலைகீழ். போனுக்குள் தொழிற்சாலையிலேயே பதித்த ஒரு வரிசை எண் இருக்கும், அந்த எண் கம்பெனியின் பட்டியலில் ஏறியிருந்தால்தான் சேவை. போன் மாற்ற வேண்டுமா, வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, பழைய எண்ணை எடுத்துப் புதியதை ஏற்றச் சொல்ல வேண்டும். அவர்கள் விற்காத போன் என்றால், அதே தரம், அதே அலைவரிசை, தொழில்நுட்ப ரீதியாக ஒரு தடையும் இல்லை என்றாலும், "எங்கள் சிஸ்டம் இதை ஏற்கவில்லை" என்ற ஒரே வரியோடு முடிந்துவிடும். நானும் இந்த வரியைக் கேட்டிருக்கிறேன். பேசிய பெண் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார், அதனால் கோபப்படக்கூட வழியில்லாமல் போய்விட்டது. அந்த போன் கடைசிவரை அலாரம் வைக்கத்தான் பயன்பட்டது.

சிடிஎம்ஏவுக்கும் ஆர்-யூஐஎம் என்று கழற்றி மாட்டும் அட்டை பின்னால் வந்தது, சீனாவில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆக, சிடிஎம்ஏ என்றால் அட்டை கிடையாது என்பது அலைகளின் விதி அல்ல, கம்பெனிகளின் விருப்பம். அதேபோல ஜிஎஸ்எம்மிலும் கம்பெனிகள் போனைத் தங்கள் சிம்முக்கு மட்டும் பூட்டி விற்றன. உண்மைதான். ஆனால் பூட்டு என்று ஒன்று இருந்தால் திறக்கவும் ஒரு வழி இருக்கும், அதைத் திறந்து கொடுப்பதற்கென்றே கடைகள் முளைத்தன. பட்டியலில் பெயர் இல்லை என்பதைத் திறக்க எந்தக் கடையும் கிடையாது.

இந்தச் சின்ன அட்டையைச் சுற்றித்தான் மற்ற எல்லாமே வளர்ந்தன. இங்கே ஒரு கேள்வி வரும், ஜிஎஸ்எம் போனிலிருந்து சிடிஎம்ஏ போனுக்குப் பேசலாம், செய்தி அனுப்பலாம், பிறகு எல்லாரும் ஒரே பக்கம் போய்ச் சேருவதில் எனக்கென்ன லாபம்? பேசுவதில் லாபம் இல்லை, சுற்றியிருக்கும் சந்தையில்தான் இருக்கிறது. பழைய போனை விற்றால் யார் வேண்டுமானாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் அதற்கு விலை உண்டு. அண்ணன் விட்ட போன் தங்கைக்கு, அவள் விட்டது அப்பாவுக்கு என்று கைமாறும். வெளிநாடு போனால் அங்கே ஒரு சிம் வாங்கிக்கொள்ளலாம். ஒரே போனை உலகம் முழுக்க விற்கலாம் என்பதால் தயாரிப்பாளர்களும் புது மாடல்களை முதலில் இந்தப் பக்கமே இறக்கினார்கள். நோக்கியா, அப்போது உலகத்திலேயே அதிக போன் விற்ற கம்பெனி, 2006-ல் சொந்தமாக சிடிஎம்ஏ போன் உருவாக்கும் வேலையை நிறுத்திக்கொள்வதாக அறிவித்துவிட்டது. குவால்காமுக்குக் கட்ட வேண்டிய காப்புரிமைத் தொகையைப் பற்றித் தயாரிப்பாளர்களின் முணுமுணுப்பு வேறு ஓயாமல் இருந்தது. போன் குறைந்தால் ஆட்கள் குறைவார்கள், ஆட்கள் குறைந்தால் போன் இன்னும் குறையும். பிரேசிலின் விவோ, நியூசிலாந்தின் டெலிகாம், கனடாவின் பெல், டெலஸ் எல்லாம் ஒவ்வொன்றாக ஜிஎஸ்எம் குடும்பத்துக்குத் தாவியது இந்தச் சுழலில் மாட்டித்தான்.

பிடித்த போனுக்காக நெட்வொர்க்கையே மாற்றுவார்களா என்று சந்தேகம் இருந்தால் ஐபோனைப் பாருங்கள். 2007-ல் வந்தது, ஜிஎஸ்எம் மட்டும், அமெரிக்காவில் ஏடி அண்ட் டி மட்டும். அந்த நெட்வொர்க்கில் அழைப்பு அறுகிறது என்று நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் திட்டிக்கொண்டேதான் அதில் சேர்ந்தார்கள். நல்ல கவரேஜ், பிடித்த போன் இரண்டில் ஒன்றுதான் என்று வந்தபோது கணிசமானவர்கள் போனின் பக்கம் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் 2011 பிப்ரவரி வரை காத்திருந்து வெரைசன் ஐபோன் வாங்கினார்கள், வாங்கிய பிறகுதான் பலருக்கு ஒரு விஷயம் உறைத்தது, அதில் பேசிக்கொண்டிருக்கும்போது 3ஜி இணையம் நின்றுவிடும். வழி பார்த்துக்கொண்டே பேச முடியாது. ஏடி அண்ட் டி இதை வைத்தே விளம்பரம் எடுத்தது. நெட்வொர்க் தரத்தின் உள்விவகாரம் ஒன்று வீட்டுத் தொலைக்காட்சியில் விளம்பரமாக வந்தது அபூர்வம்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடலாம், ஏனென்றால் மக்களும் அதைப் பற்றி அவ்வளவுதான் நினைத்தார்கள். ஜிஎஸ்எம்மின் ஏ5/1 மறையாக்கம் பலவீனமானது என்பது 1990களிலிருந்தே தெரியும், 2009-ல் அதை உடைப்பதற்கான அட்டவணைகளே பொதுவெளிக்கு வந்துவிட்டன, ஒருவரும் இதற்காக சிடிஎம்ஏவுக்கு மாறவில்லை.

இப்போது தோற்றது ஜிஎஸ்எம் என்று முதலில் சொன்னேனே, அது. இரண்டாம் தலைமுறை முடிந்து 3ஜி வந்தபோது ஜிஎஸ்எம் குடும்பம் நேரப் பங்கீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, எதிராளியின் அடிப்படை யோசனையையே எடுத்துக்கொண்டது. 2001 அக்டோபரில் ஜப்பானில் டோகோமோ கம்பெனி தொடங்கிய ஃபோமா என்ற 3ஜி சேவையும் சரி, அதற்குப் பிறகு ஐரோப்பாவெங்கும் வந்த 3ஜியும் சரி, டபிள்யூசிடிஎம்ஏதான், பெயரிலேயே சிடிஎம்ஏ இருக்கிறது. அதாவது குவால்காம்காரர்கள் சொன்னது சரி, அலைக்கற்றையைப் பங்கிடக் குறியீட்டு முறைதான் மேல் என்று எதிரணியே ஒப்புக்கொண்டது. ஆனால் வாடிக்கையாளருக்கு இதில் எந்த மாற்றமும் தெரியவில்லை, ஏனென்றால் சிம் அட்டை அப்படியே இருந்தது. உள்ளே இயந்திரத்தையே மாற்றிவிட்டார்கள், மக்கள் தொடர்ந்து "ஜிஎஸ்எம் போன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மக்கள் பிடித்துக்கொண்டது அலைமுறையை அல்ல, அட்டையைத்தான் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

4ஜிக்கு வரும்போது சண்டையே முடிந்துவிட்டது. வெரைசன் 2007-லேயே ஜிஎஸ்எம் குடும்பத்தின் 4ஜித் தரமான எல்டிஇ பக்கம் போவதாகச் சொல்லிவிட்டது, அடுத்த வருடம் குவால்காம் தன் சொந்த 4ஜித் திட்டமான யூஎம்பியைக் கைவிட்டது, 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் எல்டிஇ ஓட ஆரம்பித்தது. வெரைசனின் சிடிஎம்ஏ 2022 டிசம்பர் 31 வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து மூடப்பட்டது. இன்று உலகம் முழுக்க ஒரே குடும்பம், எல்லாவற்றிலும் சிம்.

ஆனால் பழைய பட்டியல் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது, இதைத்தான் பலர் கவனிக்கவில்லை. எல்டிஇயில் குரலுக்குத் தனி ஏற்பாடு கிடையாது, வோல்டி என்ற பெயரில் இணையத்தின் மேலேயே குரலை அனுப்ப வேண்டும், அந்த வோல்டியை எந்த மாடலில் அனுமதிப்பது என்பதைக் கம்பெனிகள் தீர்மானிக்கின்றன. 2ஜி, 3ஜி இருக்கும்வரை இது யாருக்கும் உறைக்கவில்லை, வோல்டி இல்லாவிட்டால் போன் சத்தமில்லாமல் பழையதற்கு இறங்கிப் பேசிவிடும். 2022-ல் ஏடி அண்ட் டி 3ஜியை மூடியபோது எந்தெந்த போன் வேலை செய்யும் என்று பட்டியல் வெளியிட்டது. 4ஜி வசதியுள்ள, நல்ல நிலையிலிருக்கும் போன்கள்கூடப் பட்டியலில் இல்லாததால் பேச முடியாமல் போயின. 2024 அக்டோபர் கடைசியில் ஆஸ்திரேலியாவில் 3ஜி மூடப்பட்டபோது, அவசர எண்ணுக்கு 4ஜி வழியாக அழைக்க முடியாத போன்களை நெட்வொர்க்கிலிருந்தே விலக்க வேண்டும் என்று விதி வந்தது. அவசர அழைப்பு போகாத போனை அனுமதிப்பது ஆபத்து என்ற காரணம் நியாயமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டில் வாங்கிய போனை வைத்திருந்தவருக்கு, சிம் சரி, அலைவரிசை சரி, இணையம்கூட ஓடியது, போன் மட்டும் செல்லாது என்று ஆகிவிட்டது. சிடிஎம்ஏ காலத்தில் வாடிக்கையாளர் சேவையில் கேட்ட அதே வரி.

இதோடு இ-சிம் வேறு, அதாவது கழற்றும் அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம். 2022-ல் வந்த ஐபோன் 14-லிருந்து அமெரிக்காவில் விற்கும் புது மாடல் ஐபோன்களில் சிம் போடும் இடமே கிடையாது. பயணம் போகிறவர்களுக்கு இது வசதி, உட்கார்ந்த இடத்திலேயே இன்னொரு நாட்டு இணைப்பை வாங்கிக்கொள்ளலாம், குறை சொல்ல மாட்டேன். போன் திடீரென்று செத்துப்போகும்போதுதான் கதை வேறு. அட்டை இருந்தால் ஒரு ஊசியை வைத்துக் குத்தி எடுத்துப் பழைய போனில் போட்டுவிடலாம். இ-சிம் என்றால் கம்பெனியின் செயலிக்குள் நுழைந்து புது போனுக்கு மாற்றச் சொல்ல வேண்டும், நுழைவதற்கு ஓடிபி கேட்கும், அந்த ஓடிபி செத்துப்போன போனிலிருக்கும் எண்ணுக்கு வரும். எல்லாக் கம்பெனிகளும் இப்படி இல்லை, சிலவற்றில் மின்னஞ்சல் வழியாகவோ நேரில் போயோ மாற்றிக்கொள்ளலாம். இ-சிம்முக்கு மாறுவதற்கு முன்னால் உங்கள் கம்பெனி எந்த ரகம் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள், வேறு நாட்டில் போன் வாங்குகிறவர்கள் வோல்டி பட்டியலையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். எனக்கு இன்னும் சிம் தட்டு உள்ள போன்தான்.